எலிக்கு வலி குறைந்தால் போதுமா?

சிவகாசி வட்டாரத்தில் தரையில் உட்கார்ந்து பட்டாசு செய்யும் பெண்களுக்கு இடுப்பு வலி தொழிலோடு ஒட்டி வருவது. அருகிலுள்ள சூலக்கரையிலும் விருதுநகரிலும் எந்தப் பெட்டிக்கடையிலும் தைலம் கிடைக்கும். அதிலுள்ள செடி எண்ணெய்கள் உண்மையிலேயே வலியைப் போக்குகின்றனவா என்று ஆய்வுக்கூடங்கள் சோதிக்கின்றன. அந்தச் சோதனை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?

வழக்கமான முறை சுண்டெலியில் தொடங்கும். ஏறக்குறைய 55 டிகிரி சூடான தட்டில் விட்டு, அது பாதத்தை நக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். இதைவிடக் கூர்மையானது ஃபார்மலின் சோதனை. பாதத்தில் ஃபார்மலின் ஊசி போட்ட முதல் 5 நிமிட வலி நரம்பு நேரடியாகச் சீண்டப்படுவதால் வருவது. 15 நிமிடத்துக்குப் பின் தலைதூக்குவதில் அழற்சிக்குப் பெரும்பங்கு. மார்ஃபின் இரண்டையும் அடக்கும். ஆஸ்பிரின் வகை பெரும்பாலும் பிந்தையதை மட்டும். ஓர் எண்ணெய் எந்த வழியில் வேலை செய்கிறது என்று அதிகச் செலவில்லாமல் ஊகிக்க இதைவிட நல்ல வழி குறைவு.

ஆனால் மயங்கிக் கிடக்கும் எலியும் பாதத்தை நக்காது. அது தடுமாறாமல் நடக்கிறதா என்று தனியாகச் சோதிக்காத ஆய்வை நம்புவதற்கில்லை. எண்ணெயை எலியின் வயிற்றுக்குள் செலுத்திவிட்டு, தோலில் தேய்ப்பவருக்கும் பலன் உண்டு என்பதும் பெரிய தாவல்தான். நிமிடங்களில் அடங்கும் வலி வேறு, வருடக்கணக்கான இடுப்பு வலி வேறு. மண்ணும் அறுவடைக் காலமும் மாறினால் எண்ணெயின் சேர்மானமும் மாறும். அதைப் பகுத்துச் சொல்லாவிட்டால் அடுத்தவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.

மனிதர்களிடம் வாசனையே குறுக்கே நிற்கிறது: எது மருந்து, எது போலி என்று மூக்கே சொல்லிவிடும். 1996இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள், தலைவலிக்காரர்கள் 41 பேரிடம் 10 சதவீதப் புதினா எண்ணெயைச் சோதித்தார்கள். போலி மருந்திலும் துளி புதினா கலந்தார்கள். எண்ணெய் போலி மருந்தை வென்றது. 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அருமையான ஏற்பாடு. ஆனாலும் நெற்றியில் ஏறும் குளிர்ச்சியை எப்படி மறைப்பது? புதினா எண்ணெயிலுள்ள மென்தால் குளிர் உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது என்பது 2002இல் தெரிந்தது. குளிர்ச்சி அந்த மருந்தின் வேலையிலேயே ஒரு பகுதி.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்தே பட்டாசுத் தொழிலாளர்களிடம் சில வாரங்கள், ஒரே வாசனையுள்ள இரண்டு தைலங்களை ஒப்பிட்டு, தூக்கத்தையும் குனிந்து நிமிரும் வசதியையும் அளக்கலாம். அதில் பாதுகாப்பும் சேர வேண்டும். பல தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட். அதை 5 மில்லி விழுங்கினால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தோலில் அதிகமாகத் தேய்த்தாலும் ரத்தக்கசிவு வரலாம். எலியின் பாதத்தைப் பார்க்கும் சோதனை இதையெல்லாம் சொல்லாது.