உப்பில்லாக் கீரை

பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்று பெருமிதங் கொள்வது நம் விமர்சகர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சிறு நிலத்திலே குடும்பமாக உழைத்தும், காட்டிலே கிழங்கும் கீரையும் தேடியும் உண்ட வாழ்வை அவர்கள் பொற்காலமெனப் போற்றுவர். அதற்குச் சான்றாகப் புறநானூற்றின் 109ஆம் பாடல் காட்டப்படும்.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றியிருந்தபோது கபிலர் பாடியது அது. உழவர் உழாமலே கிடைக்கும் உணவுகள் நான்கு அம்மலையில் உண்டு என்கிறார் புலவர்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பாடல் பகைவரை நோக்கிய எச்சரிக்கையாகும். பட்டினி போட்டு இம்மக்களைப் பணிய வைக்க இயலாது என்பதே அதன் உட்பொருள். மலை அவர்கள் கையில் இருந்தவரைதான் அதன் விளைவும் அவர்களுடையது. குன்றை இழந்த பின் பாரி மகளிர் புலம்புவதை 112ஆம் பாடலிலே காண்கிறோம்.

அதே தொகையின் 159ஆம் பாடலை இவ்விமர்சகர் ஏனோ எடுத்துக்காட்டுவதில்லை. குமணனிடம் பெருஞ்சித்திரனார் தம் இல்லத்தின் வறுமையைக் கூறுகிறார். அவர் மனைவி குப்பைக் கீரையைக் கொய்கிறாள். முன்னர் கொய்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த இளந்தளிர் அது. அதை உப்பின்றி அவிக்கிறாள். மோரும் இல்லை, சோறும் இல்லை. சிறுபாணாற்றுப்படையிலும் பாணர் குடும்பம் உப்பின்றி வெந்த வேளைக் கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்கிறது.

இருவரும் உப்பின்மையைச் சுட்டியது ஏன்? கீரை தானே முளைக்கும்; உப்பு முளைக்காது. உமணர் நெல்லுக்கு உப்பை மாற்றியதை அகநானூறு கூறும். நெல் இல்லாதார்க்கு உப்பும் இல்லை. விரும்பித் தேடிய உணவுக்கும், வேறு வழியின்றிப் பறித்த உணவுக்கும் உள்ள வேற்றுமையை அந்த ஒரு குறிப்பே உணர்த்திவிடுகிறது.

சிறு உழவனின் நிலையை 327ஆம் பாடல் காட்டும். எருது மிதிக்காமல் இளைஞரே அடித்தெடுத்த சிறிதளவு வரகு. கடன் கொடுத்தோர் கொண்டதுபோக எஞ்சியதைப் பசித்த பாணர் உண்டுவிடுகின்றனர். பின்பு சுற்றத்தின் பசி தீர்க்க அவன் ஊராரிடம் வரகு கடன் கேட்கிறான். அவனது பெருந்தகைமையைப் போற்ற வந்த பாடல் அவனது கடனை மறைக்கவில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே, அரசாங்க ஊழியர் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு நம் நாட்டு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விடுமுறை நிலமாகிவிடுமா? தலைமுறைகளாகத் தேயிலை வளர்த்தும், தமக்கெனக் காணியின்றி லயன் அறைகளிலே வாழும் மலையகக் குடும்பங்களுக்கு அது எதைத் தந்தது?

தம் கையால் பயிரிடுவதையும், காட்டுக் கீரையின் குணமறிந்து பறிப்பதையும் நாம் இழிவாகக் கருதவில்லை. அவ்வறிவு தலைமுறைகளின் உழைப்பால் வந்த செல்வம். அதைப் பாடும் இலக்கியத்தை மதிப்பிடுவோர் நிலம் யாருடையது, விளைவில் கடன்காரன் பங்கு எவ்வளவு என்ற வினாக்களையும் எழுப்ப வேண்டும். நம் பழம் புலவர் சொல்லத் தயங்காத பசியை இன்றைய விமர்சனம் மூடி மறைத்தல் தகாது.