சுத்தம் செய்த குரலை ரசிப்பது எப்படி?

தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் வீட்டுப் பரண்களில் பழைய கேசட்டுகள் கிடக்கும். பாட்டி சொன்ன கதை, 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையையும் அதைக் கட்டிய பென்னிகுயிக்கையும் பற்றித் தாத்தா பேசியது, கோடைப் பண்பலை வானொலியில் கேட்டுப் பதிந்த பேட்டி என்று ஏதாவது இருக்கும். இவற்றைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சுத்தம் செய்யலாம். நல்ல சுத்தம் எது என்று சொல்லக் காதைப் பழக்க வேண்டும்.

முதலில் இரைச்சலைக் கேளுங்கள். பேச்சு தொடங்கும் முன் உள்ள இரண்டு விநாடி போதும். சீரான 'ஸ்ஸ்' நாடாவுடையது. 'ம்ம்' என்ற ரீங்காரம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நிற்கும். மைக்கில் பொம்மென மோதுவது ஆடிக் காற்று. காற்றுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதும், குரல் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ரீங்காரத்துக்கு அந்தந்த இடத்தில் மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர். நாடா இரைச்சலுக்குப் பேச்சில்லாத அந்த இரண்டு விநாடியை மாதிரியாகக் காட்டினால், மென்பொருள் முழுப் பதிவிலும் அதைத் தணிக்கும்.

அடுத்து 'ச'வைக் கவனியுங்கள். "சுருளி அருவி", "சோறு" என்று சொல்லும்போது எழும் சீறலின் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே, நாடா இரைச்சல் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. அதிகமாகத் தேய்த்தால் முதலில் தேய்வது அதுதான். சோறு "ஓறு" ஆகிவிடும். மென்பொருள் தானாகத் தரும் அளவிலிருந்து தொடங்குங்கள். குரலைச் சுற்றித் தண்ணீருக்குள் தகரம் தட்டுவது போன்ற ஒலி வந்தால் குறையுங்கள்.

பிறகு மூச்சு. கதைசொல்லி எங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்பதில்தான் கதையின் ருசி. இரண்டு வாக்கியத்துக்கு நடுவே எதுவுமே கேட்காவிட்டால் அது கெட்ட வேலை.

கடைசிச் சோதனை: இரைச்சல் நீக்கும் பகுதியில் 'ரெசிட்யூ' என்பதைத் தேர்ந்தால், நீக்கப்படுவது மட்டும் தனியே கேட்கும். அதில் ஒரு சொல்லாவது புரிந்தால், தாத்தாவின் குரலையும் சேர்த்து வெட்டுகிறீர்கள் என்று பொருள்.

சேவல் கூவலையும் தூரத்துப் பம்பு செட்டையும் விட்டுவிடுங்கள். அவர் எந்த ஊரில், எந்தப் பொழுதில் பேசினார் என்பதை அவைதான் சொல்லும். சுத்தம் செய்யாத மூலப்பதிவை வேவ் கோப்பாகத் தனியே வைத்திருங்கள். நாளை இதைவிட நல்ல மென்பொருள் வரும். அப்போது அந்த மூலம்தான் கைகொடுக்கும்.