காண்டோ பள்ளியின் இரண்டு கூரைகள்

காண்டோ தொடக்கப் பள்ளிக்குக் கூரை இரண்டு. கீழே மண்கல் பாவிய மேல்தளம். அதற்கு மேலே நல்ல இடைவெளி விட்டு, கம்பிக் கால்களில் தூக்கி நிறுத்திய தகரம். மேற்கு ஆப்பிரிக்காவில், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் புர்க்கினா பாசோவின் சமவெளியில், 2001-ல் எழுந்த பள்ளி இது. இதை ரசிக்கத் தொடங்குவதற்கு அந்த இடைவெளிதான் சரியான இடம்.

தகரம் காய்ந்தால் அதன் அடியில் உள்ள காற்று சூடாகி, ஓரங்களின் வழியே வெளியேறும். போகிற போக்கில், மண்கல் அடுக்கின் இடுக்குகள் வழியாக வகுப்பறையின் வெக்கையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பச் சன்னல்களின் வழியே புதுக்காற்று வரும். மின்விசிறி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வெயில் ஏற ஏறக் காற்றோட்டமும் கூடுகிறது. பிள்ளைகளைச் சுட வந்த வெயிலையே விசிற வைத்திருக்கிறார் கட்டியவர். இதைப் புரிந்துகொண்ட கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, நல்ல கவிதையின் கடைசி வரியில் கிடைக்கிற மகிழ்ச்சி.

தகரத்தைத் தாங்கும் கம்பிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் போட்டு மூடிவிடுகிற அதே சாதாரணக் கம்பிதான். கைரம்பத்தால் அறுத்து, சின்ன வெல்டிங் மெஷினால் முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்திருக்கிறார்கள். பெரிய இரும்பு உத்தரங்களைத் தொலைவிலிருந்து கொண்டுவரக் கட்டுபடியாகாது. வந்தாலும் தூக்கி வைக்க கிரேன் இல்லை. அதனால் ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டு தாங்களே செய்யக்கூடிய வேலையாக அதை மாற்றினார், பள்ளியை வடிவமைத்த கேரே. வசதி இல்லாததால் மெலிந்த அந்தக் கம்பிகளால் கூரைக்கு மிதப்பதுபோல ஒரு நளினம் வந்துவிட்டது. தகரம் சுவர்களைத் தாண்டி வெளியே நீண்டு நிழல் தருகிறது. மழைச் சாரல் மண்சுவரில் அடிக்காமலும் காக்கிறது.

டீபேடோ பிரான்சிஸ் கேரே இதே காண்டோவில் 1965-ல் பிறந்தவர், ஊர்த் தலைவரின் மூத்த மகன். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் டென்கோடோகோ நகரத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே சிமென்ட் கல் வகுப்பறையில், வெளிச்சமும் காற்றும் போதாத புழுக்கத்தில், பிள்ளைக் கூட்டத்தோடு நெருக்கியடித்துப் படித்தார். தச்சு வேலைப் பயிற்சிக்கு உதவித்தொகை கிடைத்து 1985-ல் பெர்லின் போனார். பிறகு கட்டடக்கலை படித்தார். மாணவராக இருக்கும்போதே 1998-ல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, ஜெர்மனியில் நிதி திரட்டினார். பட்டம் கைக்கு வந்தது 2004-ல். பள்ளி அதற்கு மூன்று ஆண்டு முன்னமே எழுந்துவிட்டது.

கேரே ஓர் உரையில் சொன்னது இது. சிறுவயதில் விடுமுறை முடிந்து நகரத்துக்குத் திரும்பும்போது வீடு வீடாகப் போய் விடைபெறுவாராம். ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உடையில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசை எடுத்துக் கையில் கொடுப்பார்களாம். ஏன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நீ படித்து முன்னேறி ஊருக்கு ஏதாவது செய்வாய் என்ற நம்பிக்கையில்தான் என்றாராம் அம்மா. காண்டோ பள்ளிக்கு முதல் நன்கொடை அதுதான் என்பேன். பெர்லினில் திரட்டியதெல்லாம் அதன்மேல் வந்து சேர்ந்தது.

படித்த பிள்ளை கான்கிரீட்டும் கண்ணாடியும் கொண்டுவருவான் என்று காத்திருந்தவர்களிடம் அவர் மண்ணைக் காட்டினார். ஒரு மழைக்குத் தாங்குமா என்று ஊர் தயங்கியது நியாயம்தான். மண்சுவர் கரைவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல் தாங்கும் என்று செய்து காட்டிய பிறகே வேலை சூடுபிடித்தது. அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கிக் கொண்டுவந்தவர்கள் பிள்ளைகள். மண்கல் அறுக்கத் தண்ணீர் சுமந்தவர்கள் பெண்கள்.

காண்டோவில் மண்தரை போடும் விதமும் பார்க்கத் தகுந்தது. வரிசையாக நின்று, தாளம் தப்பாமல், மணிக்கணக்கில் கட்டையால் தட்டுகிறார்கள். பிறகு பெண்கள் உட்கார்ந்து கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள், வழவழப்பு வரும்வரை. பின்னால் நூலகம் கட்டியபோது, பெண்கள் வனைந்த மண்பானைகளை வாயும் அடியும் அறுத்து வளையமாக்கி, மேல்தளக் கான்கிரீட்டில் பதித்தார்கள். அந்த வட்டங்களின் வழியே வெளிச்சம் இறங்குகிறது, வெக்கை ஏறிப் போகிறது. சமையலுக்கும் தானியத்துக்கும் பழகிய பானைக்கு இப்படி ஓர் உத்தியோகம்!

பள்ளிக்கு மூன்று வகுப்பறைகள்; நடுநடுவே சுவரில்லாத நிழல் முற்றங்கள். எல்லாம் ஒரே நீளக் கூரையின் கீழ். பிள்ளைகள் உட்காரவும் ஆடவும் அந்த முற்றங்கள். வேறு யாராவது என்றால் செலவைக் குறைக்க இதைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள்.

இந்தப் பள்ளிக்காக 2004-ல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. 2022-ல் கட்டடக்கலையின் பிரிட்ஸ்கர் விருது கேரேக்கு வந்தபோது, அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். இதற்கிடையே காண்டோவில், ஆசிரியர்கள் ஊரிலேயே தங்க வேண்டுமே என்று அவர்களுக்கு வீடுகள் கட்டினார்கள். 120 பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளி, அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வந்து சேர, 700 பேர் வரை வளர்ந்தது. 2008-ல் விரிவாக்கக் கட்டடம் வந்தது. அங்கே மண்கல்லும் வெல்டிங்கும் கற்ற இளைஞர்கள் வேறு ஊர்களின் கட்டட வேலைகளுக்குக் கூலி பெற்றுப் போகிறார்கள்.