உதடு அசையும், குரல் எழாது

நாளுக்கு மூன்று வேளை, எழுதிவைத்த அதே வாசகங்களை விறுவிறுவென்று முணுமுணுப்பதில் பக்தி எங்கே இருக்கிறது? யூத ஜெபத்தைப் புதிதாகப் பார்ப்பவர் இப்படித்தான் கேட்பார். அந்த மாறாத வாசகம்தான் ரசிக்க வேண்டிய இடம் என்பது என் கட்சி. முழு வழிபாட்டையும் பின்தொடர்ந்தால் தலை சுற்றும். 'அமிதா' என்ற ஜெபம் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்று அடி முன்னே வைத்து, பாதங்களைச் சேர்த்து, எருசலேமை நோக்கி நின்றபடி சொல்வது. கி.பி. 70இல் ரோமானியர் அங்கிருந்த ஆலயத்தை அழித்ததும் பலிகள் நின்றுபோயின. அவற்றின் இடத்துக்கு ஜெபம் வந்தது. உதடு அசையும், பக்கத்தில் நிற்பவருக்குக் கூடக் கேட்காது. இதற்கு முன்மாதிரி ஆசாரியர் யாருமல்ல. வேதாகமத்தில் பிள்ளை வரம் கேட்டு அழுத அன்னாள். அவள் குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியனான ஏலி நினைத்தான். அவளைப் பார்த்துத்தான் ஜெபிக்கும் விதிகள் சிலவற்றை யூதச் சட்ட நூலான தல்மூத் வகுத்தது.

விதியானால் உயிர் போய்விடாதா? இந்த ஆட்சேபம் வெளியாருடையது மட்டுமல்ல. கடமைக்குச் செய்யும் ஜெபம் மன்றாட்டே அல்ல என்று தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னாவிலேயே ரபி எலியேசர் கண்டிக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் மனம் ஒன்றாத ஜெபத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆனாலும் வாசகத்தை யாரும் கைவிடவில்லை. காரணம் உண்டு. துக்கத்தில் இருப்பவருக்குச் சொல் வராது, சுகத்தில் இருப்பவருக்குக் கேட்கத் தோன்றாது; இருவருக்கும் வாசகம் கைகொடுக்கிறது. நோய் தீர வேண்டுமென்று கேட்கும் பகுதியில் நோயாளியின் பெயரைச் சேர்க்கலாம், சொந்த வேண்டுதலுக்கும் இடமுண்டு. சாதாரண நாளில் 19 ஆசீர்வாதங்கள். ஓய்வுநாளில் நடுவிலுள்ள 13 வேண்டுதல்களும் நீங்கி, ஒன்று மட்டும் புதிதாகச் சேர, ஏழாகிறது: வாரத்தில் ஒரு நாளாவது கடவுளிடம் எதையும் கேட்டு நச்சரிப்பதில்லை! வாசகம் தினம் மாறிக்கொண்டே இருந்தால் இந்த விடுபடல் யார் கண்ணில் படும்?

அமிதாவில் 'எங்களுக்கு' என்றே கேட்பதால் தனிமனிதர் காணாமல் போகிறார் என்பதும் சரியல்ல. இறந்தவருக்காகச் சொல்லும் 'கடீஷ்' ஜெபத்தில் மரணம் என்ற பேச்சே இல்லை, கடவுளின் புகழ்ச்சிதான். ஆனால் பத்துப் பேர் கூடினால்தான் அதைச் சொல்ல முடியும் (மரபுச் சபைகளில் ஆண்கள் மட்டும், சீர்திருத்தச் சபைகளில் பெண்களும் சேர்த்தி). துக்கப்படுகிறவர் வீட்டுக்குள் முடங்காமல் சபைக்கு வந்தாக வேண்டும், சபையும் 'ஆமென்' சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் நேரில் காண விரும்பினால், கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயத்தில் கட்டடத்தை மட்டும் பார்க்கலாம். அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால் பத்துப் பேர் சேர்வது அரிது. ஜெபத்தையே கேட்க மும்பைக்குப் போங்கள். முன்அனுமதி பெற்று, ஆண்கள் தலையை மூடி, வெள்ளிக்கிழமை மாலை போய் உட்காருங்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.