பொத்தான் எண்ணிக்கையும் அது சொல்லாததும்

மூன்றாம் பருவப் பழ ஈப் புழு கிட்டத்தட்ட ஓர் அரிசிமணி அளவுதான் இருக்கும். அதைச் சிலிக்கான் தட்டில் குத்தி நிறுத்தி, முதுகு நெடுக வெட்டி, குடலை எடுத்துவிட்டு விரித்தால், உடற்சுவர்த் தசைகள் பாய் விரித்தாற்போல் கிடக்கும். ஆய்வாளரின் கண் நேரே வயிற்றுக் கண்டத்தின் 6, 7ஆம் தசைகளுக்குப் போகும். சாயமேற்றினால், அங்கே வந்து முடியும் நரம்பு கோத்த மணிகளாய்த் தெரியும். அந்த மணிகளின் பெயர் 'பூட்டோன்'. பிரெஞ்சில் பொத்தான் என்று பொருள். நம் 'பொத்தான்' போர்ச்சுக்கீசியர் வழி வந்த அதன் பங்காளிதான். பொத்தான்களை எண்ணி, தசையின் பரப்பால் வகுத்தால், நரம்பும் தசையும் சந்திக்கும் இடமான சினாப்ஸின் வளர்ச்சிக்கு ஓர் எண் கிடைக்கிறது.

இந்த எளிய எண்ணிக்கை சாதித்தது கொஞ்சநஞ்சமல்ல. நான்கே நாளில் தசையின் பரப்பு நூறு மடங்குவரை பெருகுகிறது. நரம்பும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். தசை வளர்ந்த சேதியை அதற்கு யார் சொல்வது? 2002இல் 'விஷ்ஃபுல் திங்கிங்' என்ற ஏற்பி இல்லாத புழுக்களில் பொத்தான்கள் வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. நரம்பில் மட்டும் அந்த மரபணுவைத் திருப்பி வைத்தபோது பொத்தான்கள் மீண்டன. அடுத்த ஆண்டு மெக்கேபும் கூட்டாளிகளும், அந்த ஏற்பியில் வந்து பொருந்தும் 'கிளாஸ் பாட்டம் போட்' என்ற வளர்ச்சிக் காரணியை, அது இல்லாத புழுக்களின் தசையில் மட்டும் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். அங்கும் வளர்ச்சி மீண்டது. ஆக, சேதி தசையிலிருந்து நரம்புக்குப் போகிறது. நரம்பணுவில் 'மேட்' என்ற புரதம் பாஸ்பேட் ஏற்று உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை முடுக்குகிறது. இந்தக் காரணி எலும்பு உருவாக்கப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது வேடிக்கை. ஈக்கு ஏது எலும்பு!

சிக்கல் இனிமேல்தான். பொத்தான் அதிகமென்றால் சினாப்ஸ் வலுவானது என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. 'ஹைவயர்' மரபணு பழுதான புழுவில் பொத்தான்கள் ஏராளம். ஆனால் ஒரு தூண்டலுக்கு நரம்பு வெளியிடும் குளுட்டமேட்டோ இயல்பைவிடக் குறைவு. ஒட்டுப்புரதமான ஃபாசிக்ளின் 2ஐப் பாதியாகக் குறைத்தால் பொத்தான் கூடுகிறது, மொத்த வெளியீடு கூடுவதில்லை என்று 1996இலேயே காட்டியிருக்கிறார்கள். மேற்சொன்ன வளர்ச்சிக் காரணியும் இதற்கு விலக்கல்ல. பின்வந்த ஆய்வுகளின்படி, தசையிலிருந்து வரும் பங்கு வளர்ச்சிக்கும், நரம்பே சுரக்கும் பங்கு வெளியீட்டுக்கும் உதவுகிறது. பொத்தானை மட்டும் எண்ணியவருக்கு இரண்டாவது பங்கு இருப்பதே தெரிந்திருக்காது.

'திருப்பி வைத்தல்' என்பதும் பார்ப்பதுபோல் அவ்வளவு தூய்மையான சோதனை அல்ல. 1993இல் பிராண்டும் பெரிமோனும் தந்த கேல்4 முறையால் மரபணுவை விரும்பிய திசுவில் இயக்கலாம். அளவை இயல்பான மட்டத்தில் நிறுத்துவதுதான் பாடு. கேல்4 25 டிகிரியைவிட 29 டிகிரியில் கூடுதலாக வேலை செய்யும். அளவு மீறிக் கொட்டி மீட்டதை, இயல்பில் அந்தத் திசு செய்யும் வேலை என்று சொல்லிவிட முடியுமா? போதாக்குறைக்கு, பொத்தான்களை எண்ணும்போது ஒட்டிக்கொண்டிருக்கும் இரு வீக்கங்களை ஒருவர் ஒன்றென்பார், மற்றவர் இரண்டென்பார். எந்தப் புழு எந்த வகை என்பதை மறைத்து வைத்து எண்ணாத ஆய்வுக்கட்டுரையை நான் அரை மனதோடுதான் படிப்பேன்.

எண்ணுவதைக் கைவிடச் சொல்லவில்லை; கூடவே வெளியீட்டையும் அளக்கச் சொல்கிறேன். ஜான் என்ற ஆய்வாளர் தம்பதியர் 1976லேயே இந்தத் தசைகளில் நுண்மின்முனையைச் செருகி மின்னழுத்தத்தை அளந்து காட்டிவிட்டார்கள். முதலில் மின்முனை, பிறகு அதே தசையில் சாயம் என்றால் வேலை நீளும், பாதிப் புழுக்கள் நடுவிலேயே கெட்டுப்போகும். ஆனால் ஒரே தசைக்கு இரண்டு எண்களும் கையில் இருக்கும்.