பகுதி கிரகணத்துக்குத் தொலைநோக்கி தேவையா?

சூரிய கிரகணம் வந்தால் தொலைநோக்கியைத் தூசி தட்டி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது வானம் பார்க்கும் கூட்டத்தில் எழுதாத சட்டம். முழுக் கிரகணத்துக்கு அது நியாயம். பகுதி கிரகணத்தில் கரோனா கிடையாது, வைர மோதிரம் கிடையாது, பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வருவதும் கிடையாது. ஓரத்தில் கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி ஒரு சூரியன். அந்த பிஸ்கட்டை 300 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமராவே எடுத்துவிடும். அப்படியிருக்க, பதினைந்து கிலோ இரும்பையும் கண்ணாடியையும் மூன்று மாடி ஏற்றுவதற்கு என்ன காரணம் சொல்வது?

சென்னையில் ஒரே மொட்டைமாடியிலிருந்து மூன்று பகுதி கிரகணங்களுக்குக் கருவி வைத்திருக்கிறேன். 2019 டிசம்பர் 26, காலை நேரம். கோவை, திண்டுக்கல் பக்கம் கங்கணமாகத் தெரிந்தது, சென்னையில் சூரியனின் முக்கால் பங்குக்கும் மேல் மறைந்தது. 2020 ஜூன் 21, உச்சிவெயில், மூன்றில் ஒரு பங்கு. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி நேரம்; மறைந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மூன்றையும் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லப்போகிறேன்.

முதலில் உரைகல். 'அழகான படம்' என்பது அளவுகோல் ஆகாது. எல்லோர் படத்திலும் அதே பிறைதான், ஆரஞ்சு நிறம்கூடப் பெரும்பாலும் ஃபில்டரிலிருந்தோ கணினியிலிருந்தோ வந்ததுதான். தொலைநோக்கி இல்லாமல் கிடைக்காத ஒன்றைத் தொலைநோக்கி தருகிறதா என்பதே என் கேள்வி. அப்படிப்பட்ட ஒன்று பகுதி கிரகணத்தில் இருக்கிறது: நிலவின் விளிம்பு. அது காம்பஸ் வைத்துப் போட்ட வளைவு அல்ல. மலைகளும் பள்ளங்களும் பக்கவாட்டில் தெரியும் ரம்பம். சூரியன் பின்னால் நிற்கும்போது அந்த ரம்பப்பற்கள் கறுப்பாக எடுத்துக்காட்டும்.

கணக்கைப் பார்ப்போம். சூரியனின் தட்டு வானில் ஏறக்குறைய 32 கலை அகலம். ஒரு கலைக்கு 60 விகலை. நிலவின் தொலைவில் ஒரு விகலை என்பது சுமார் 1.8 கி.மீ. ஆக விளிம்பில் நாலு கி.மீ. உயர மலை நின்றால் நமக்கு அது இரண்டு விகலைச் சொச்சம். 300 மி.மீ. லென்ஸில் சூரியனின் பிம்பம் மூன்று மி.மீ.கூட வராது, சாதாரண டிஎஸ்எல்ஆரில் ஒரு பிக்சலுக்குள் ஏறக்குறைய 2.75 விகலை அடங்கிவிடும். மலை ஒரு பிக்சலுக்குள்ளேயே காணாமல் போகிறது. 80 மி.மீ. வில்லை, 600 மி.மீ. குவிதூரம் கொண்ட சின்ன ரிஃப்ராக்டரில் பிம்பம் ஐந்தரை மி.மீ., பிக்சலுக்கு 1.4 விகலை, வில்லையின் பிரித்தறியும் திறனும் அதே அளவுதான். மலை தெரியத் தொடங்குவது இங்கேதான்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பறவைப் படக்காரர்கள் தோளில் மாட்டும் 600 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ் இருந்தால் போட்டி கிட்டத்தட்டச் சமம். ஒப்புக்கொள்கிறேன். அந்த லென்ஸ் கையில் இருப்பவர் தொலைநோக்கி வாங்க வேண்டாம். இல்லாதவருக்குச் சின்ன ரிஃப்ராக்டர் அதைவிட மலிவு.

2019 காலைதான் இதற்குச் சாட்சி. ஒன்பதரை மணிக்குப் பிறை மெலிந்திருந்தபோது எடுத்த படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால், பிறையின் உள்வளைவில் இரண்டு இடத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். சென்சார் தூசியோ என்று முதலில் நினைத்தேன். அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் வளைவோடு சேர்ந்தே நகர்ந்தன. தூசி நகராது. அன்று ஃபோகஸ் பண்ணியதும் இந்த விளிம்பை வைத்துத்தான். சூரியச் சுழற்சியின் அடிமட்டம் 2019 டிசம்பர். கரும்புள்ளியைப் பிடித்து ஃபோகஸ் பண்ணலாம் என்றால் தட்டு துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

மெல்லிய பிறைக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டவும் வேண்டியிருந்தது. சூரியத் தட்டின் ஓரம் நடுவைவிட மங்கல். பிறை மெலிய மெலிய மிஞ்சுவது அந்த ஓரத்து ஒளி மட்டுமே.

இனி 2020. சென்னையில் முழு ஊரடங்கு ஞாயிறு. தெருவில் ஒரு ஆட்டோ சத்தம்கூட இல்லை. கருவி அதேதான், கை அதேதான், ஆறு மாதப் பழக்கம் வேறு கூடியிருந்தது. படம் தோற்றது. ஜூன் நண்பகலில் சென்னைக்குச் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே. குழாயை அங்கே நிமிர்த்தினால் கேமரா முக்காலியின் காலில் இடிக்கிறது. திரையைப் பார்க்கத் தரையில் படுக்க வேண்டும், தரையோ தோசைக்கல். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, சுட்ட கான்கிரீட்டிலிருந்து எழும் காற்று. திரையில் நிலவின் விளிம்பு கொதிக்கும் பாலின் ஆடை போல நெளிந்துகொண்டே இருந்தது. அந்த நெளிவு மூன்று நாலு விகலை இருந்தால் இரண்டு விகலை மலைக்கு என்ன கதி? அன்றைய படங்களில் பக்கத்து வீட்டு மாடியின் 300 மி.மீ. லென்ஸுக்கும் என் குழாய்க்கும் வித்தியாசம் அளவில்தான் இருந்தது, விவரத்தில் இல்லை.

வீடியோவாக எடுத்து நூற்றுக்கணக்கான சட்டங்களை அடுக்கிச் சேர்த்தால் காற்றை ஏமாற்றலாமே என்பார்கள். வியாழனுக்கும் சனிக்கும் அது பலிக்கும். கிரகணத்தில் நிலவு சூரியன் மேல் விநாடிக்கு அரை விகலை வரை நகர்கிறது. சூரியனை வைத்து அடுக்கினால் நிலவின் விளிம்பு இழுபடும், நிலவை வைத்து அடுக்கினால் கரும்புள்ளி இழுபடும். சூரியனை வைத்துச் சில விநாடிகளுக்கு மேல் சேர்த்தாலே நாம் தேடிவந்த மலை கரைந்துவிடும்.

பெரிய தொலைநோக்கி இருந்தால்? பகல் காற்றில் 100 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டம் பெரும்பாலும் வீண் சுமை. 1904-லிருந்து சூரியனைப் படமெடுத்துவரும் கொடைக்கானல் ஆய்வகத்திலேயே வெள்ளொளிப் படங்களுக்கு நெடுங்காலமாகப் புழங்கியது 15 செ.மீ. வில்லைதான். ஆறங்குல டாப்சோனியன் வைத்திருப்பவர்கள் அதன் மூடியைத் திருப்பிப் பார்க்கட்டும். பல மூடிகளில் ஓரமாக ஒரு குட்டி மூடி தனியாகக் கழன்று வரும். அந்தத் துளையில் ஃபில்டர் தாளை ஒட்டினால் போதும். ஆனால் நியூட்டோனியன் வகையில் கேமராவின் சென்சார் வரைக்கும் ஃபோகஸ் எட்டாமல் போவது அடிக்கடி நடக்கிற சங்கடம். இரண்டு மடங்கு பார்லோ போட்டால் எட்டும். அப்போது 1200 மி.மீ. குவிதூரம் 2400 ஆகி, 22 மி.மீ. சூரியன் 15 மி.மீ. உயர சென்சாரில் அடங்காது. கிரகணத்தன்று காலையில் இதைக் கண்டுபிடிக்காதீர்கள்.

ஃபில்டர் விஷயத்தில் எடைபோட ஒன்றுமில்லை. லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் தாள், குழாயின் முன்வாயில், காற்றடித்தாலும் கழலாதபடி. அது சற்றுச் சுருங்கியிருந்தால் பரவாயில்லை, இழுத்துக் கட்டினால்தான் படம் கெடும். 'போட்டோவுக்கு மட்டும்' என்று விற்கும் அடர்த்தி குறைந்த தாளை டிஎஸ்எல்ஆரோடு நான் ஏற்கமாட்டேன். அதன் வ்யூஃபைண்டரில் வைப்பது கண்தானே? அடர்த்தியான தாளிலேயே ஐஎஸ்ஓ 100-இல் விநாடியின் சில நூறில் ஒரு பங்கு போதும். அதற்கு மேல் ஒளி எதற்கு? பழைய 60 மி.மீ. தொலைநோக்கிகளோடு வந்த, ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி குவிந்த வெப்பத்தில் வெடிக்கும். அதைக் குப்பையில் போடுங்கள். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபைண்டரையும் மூடுங்கள். எக்ஸ்ரே தாளைப் பற்றி இனியும் எழுத வேண்டியிருப்பதே வருத்தம்.

ஹைட்ரஜன்-ஆல்பா தொலைநோக்கி தீச்சுடர்களைக் காட்டும். உண்மை. அவற்றைக் கிரகணம் இல்லாத நாளிலும் காட்டும் என்பதால் இந்த வழக்கில் அதை நான் சேர்க்கவில்லை. அட்டையில் பிம்பம் விழவைப்பது ஐம்பது பேர் பார்க்க உகந்தது, படத்துக்கு அல்ல. ஐபீஸில் கைபேசியை வைத்து எடுப்பதை ஏளனம் செய்யமாட்டேன். எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டால் விளிம்பின் பெரிய மேடுகள் அதிலும் வரும், ஆனால் பத்துக்கு எட்டு படம் ஆட்டத்தில் போய்விடும்.

2022 மாலைக்கு ஒரு வரி போதும்: குழாயைச் சமன்செய்து முடிப்பதற்குள் சூரியன் மேற்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

ஆக, என் தீர்ப்பு: சூரியன் பாதிக்கு மேல் மறையும் காலைக் கிரகணம் என்றால் 80 மி.மீ. ரிஃப்ராக்டர், முன்ஃபில்டர், கேமரா நேரடியாகக் குழாயில். அந்தப் படத்துக்கு 300 மி.மீ. லென்ஸ் ஈடாகாது. நண்பகலிலும் அடிவானத்திலும் தொலைநோக்கி வெறும் ஆடம்பரம், 300 மி.மீ. லென்ஸில் தாளைக் கட்டிக்கொண்டு நிழலில் உட்காரலாம்.

2031 மே 21 அன்று கேரளம், தென்தமிழகம், வட இலங்கை வழியாகக் கங்கணம் போகிறது; சென்னைக்குப் பகுதி கிரகணம். நேரம் நண்பகலை ஒட்டி, அதுவும் அக்னி நட்சத்திரத்தில். என் தீர்ப்புப்படி அன்று குழாய் வீட்டிலேயே இருக்க வேண்டும். ஒரு விலக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்: மொட்டைமாடியை விட்டுவிட்டு, மே மாதத்திலும் தண்ணீர் நிற்கும் ஏதாவது ஓர் ஏரிக்கரை கிடைத்தால் அங்கே ஒருமுறை வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் கான்கிரீட் போலச் சூடேறாது.