உதவித்தொகை முடிவு செய்யும் ஆய்வுத் தலைப்பு

போன மாசம் ஒரு மாணவி வீட்டுக்கு வந்திருந்தார். தமிழ் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்கு முழுநேரமாகப் பதிவு செய்து ஏழு மாதம் ஆகிறது. செங்கம் பகுதி நடுகற்களும் அவற்றுக்கு இன்றும் ஊரில் நடக்கும் வழிபாடும் என்று தலைப்பு வைத்திருந்தார். அதற்காக என்னிடம் சில புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனவர், எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"அதுக்குள்ள படிச்சிட்டியாம்மா?"

"இல்ல சார். தலைப்ப மாத்திட்டேன். ரெண்டு நாவல் எடுத்துப் பெண் பாத்திரங்கள்னு பண்ணலாம்னு இருக்கேன். கைடும் சரின்னுட்டாங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். ஜவ்வாது மலை மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சேகரிப்பதாகத் தொடங்கி, கடைசியில் நூலகத்தில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய ஒரு தலைப்பில் பட்டம் வாங்கினேன். எனக்கு உதவித்தொகை கிடைக்காமல் இல்லை. கிடைத்தது. முதல் தவணை வர பதினான்கு மாதம் ஆனது, அவ்வளவுதான். அந்தப் பதினான்கு மாதத்தில் மலைக்குப் போனது மூன்றே முறை. பணம் மொத்தமாக வந்தபோது அது கடனுக்குப் போனது. தலைப்பு அதற்கு முன்பே மாறியிருந்தது.

உதவித்தொகை பற்றிப் பேசும்போதெல்லாம் "எத்தனை பேருக்கு, எவ்வளவு" என்ற கணக்கைத்தான் பேசுகிறோம். அந்தக் கணக்கு முக்கியம்தான். ஆனால் எந்த ஆய்வு நடக்கும், எது நடக்காது என்பதையும் அந்தப் பணமே முடிவு செய்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

முதலில் கணக்கையே பார்ப்போம். யு.ஜி.சி.யின் ஜே.ஆர்.எஃப் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. குறைவான தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நெட் தேர்வில் முன்வரிசையில் வர வேண்டும். 2024 ஜூன் பருவத்துக்கான தேர்வை எழுதியவர்கள் சுமார் 6.84 லட்சம் பேர், ஜே.ஆர்.எஃப் தகுதி பெற்றவர்கள் 4,970 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தத் தேர்வே ஜூன் 18 அன்று நடந்து மறுநாள் ரத்தாகி, ஆகஸ்டு, செப்டம்பரில் திரும்ப நடந்தது என்பது தனிக்கதை. எஸ்.சி., ஓ.பி.சி. மாணவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப்களுக்கும் இப்போது நெட் தேர்வுதான் வாசல். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பை, மற்ற திட்டங்களோடு ஒத்துப்போகிறது என்று காரணம் சொல்லி, 2022-23 முதல் நிறுத்திவிட்டார்கள்.

நெட் இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 என்று ஒன்று உண்டு. அது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் போவதாக யு.ஜி.சி. சொன்னபோது டெல்லியில் மாணவர்கள் யு.ஜி.சி. அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து போராடினார்கள். மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் கொடுங்கள் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அது இன்றுவரை நடக்கவில்லை. திருவண்ணாமலைக் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அதாவது மாநிலப் பல்கலைக்கழகம். இங்கே ஆய்வு செய்பவருக்கு அந்த 8,000 கிடையாது.

தமிழக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 50,000 என்று இருந்ததை 1 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று தேர்வு வைத்து, 120 பேருக்கு மாதம் 25,000 என்று அறிவித்தார்கள். வரவேற்க வேண்டியவை. ஆனால் ஆண்டுக்கு 1 லட்சம் என்றால் மாதம் 8,333 ரூபாய். 120 பேர் என்றால் மாநிலம் முழுவதற்கும், அறிவியல், கலை எல்லாம் சேர்த்து.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நெட் தேர்வு இரண்டு தாள், 150 கேள்வி, மூன்று மணி நேரம், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. வட்டெழுத்து வாசிக்கத் தெரியுமா, ஊர்ப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசி அவர் தயக்கம் தீரும்வரை காத்திருக்கத் தெரியுமா என்பதை அது சோதிக்க முடியாது. தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வை மட்டுமே வைத்துக் கொடுப்பது, ஆளைப் பார்த்துக் கொடுப்பது. ஆய்வைப் பார்த்து அல்ல. களத்துக்குப் போகிறவருக்கும் நூலகத்தில் இருப்பவருக்கும் ஒரே தொகைதான். இதர ஆய்வுச் செலவுக்கென்று ஜே.ஆர்.எஃப்.பில் கலைப் பிரிவுக்கு முதல் இரண்டு ஆண்டு தருவது வருஷத்துக்கு 10,000 ரூபாய்.

செங்கம் பக்கம் களப்பணி என்றால் என்ன செலவு? டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உண்மை. ஆனால் டவுன் பஸ் ஊர் எல்லையில் விட்டுவிடும். கல் இருப்பது ஏரிக்கரையிலோ யாரோ ஒருவருடைய நிலத்திலோ. ஆட்டோ வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். மைப்படி எடுக்கத் தாள், மை, தூரிகை வேண்டும். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் கிரிவலக் கூட்டத்தில் எந்த பஸ்ஸும் சொன்ன நேரத்துக்குக் கிடைக்காது. ஒரு நாள் போய்வர ஐந்நூறு, அறுநூறு ஆகிவிடுகிறது. ஒரு நாவல் முந்நூறு ரூபாய். எந்தத் தலைப்பு ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்?

நாவல் ஆய்வு மட்டம் என்று நான் சொல்லவில்லை. விரும்பி எடுப்பது வேறு, வேறு வழியில்லாமல் எடுப்பது வேறு. "இவரது நாவல்களில் பெண்கள்", "அவரது சிறுகதைகளில் சமுதாயம்" என்று வரிசையாக வரும் ஆய்வேடுகளைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்தத் தலைப்புகளில் பாதிக்குக் காரணம் சோம்பல் அல்ல, பஸ் கட்டணம்.

இந்த ஊரைப் பற்றி நடந்த பெரிய ஆய்வுகளை எண்ணிப் பாருங்கள். "செங்கம் நடுகற்கள்" தொகுதியை 1972-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டது, பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்று கள்ளர்களை எதிர்த்த நாயின் பெயர் கோவிவன் என்பது நமக்குத் தெரிவது இப்படி ஊர் ஊராகப் போய்த் தேடிப் படித்தவர்களால்தான். அண்ணாமலையார் கோயிலையும் ஊரையும் பற்றிய விரிவான தொகுதிகள் 1989, 1990 ஆண்டுகளில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களிலிருந்து வந்தன. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பின்னால் ஒரு துறையோ நிறுவனமோ நின்றது. போகவர, தங்க, திரும்பப் போக அதனால் முடிந்தது. அதே வேலையை நம் மாணவியிடம் கேட்கும்போது, அவர் அப்பாவின் கூலியிலிருந்து செய்யச் சொல்கிறோம்.

"அரசுப் பணத்த வாங்கிட்டு வெட்டி ஒட்டித்தானே எழுதுறாங்க" என்பார்கள். சிலர் அப்படித்தான், மறுக்கவில்லை. அதற்கு மருந்து நெறியாளரும் மதிப்பீட்டாளரும் ஒழுங்காகப் படிப்பது. பணத்தைத் தாமதப்படுத்துவதால் திருட்டு குறையாது. களத்துக்குப் போக நினைத்தவர்தான் குறைவார்.

இன்னொன்று, அந்தச் சொல்லே இடிக்கிறது. உதவித்தொகை. முழுநேர ஃபெல்லோஷிப் வாங்குபவர் வேறு சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. வேறு வேலை செய்யாதே என்று சொல்லிக் கொடுக்கும் பணத்துக்குப் பெயர் ஊதியம். உதவி என்று பெயர் வைத்ததால்தான் அது தாமதமானால் யாரும் பதறுவதில்லை. அலுவலகத்தில் ஒருவர் பதிவேற்றி இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டிய மாதாந்திர உறுதிப்படுத்தல், இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் நின்றுவிடும். அவர்கள் சம்பளம் ஒரு மாதம் நின்றால் விடுவார்களா?

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. பல்கலைக்கழக அளவில், ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து, நெட் இருக்கிறதோ இல்லையோ, களப்பணிக்கென்று வருஷத்துக்கு ஒரு சிறு தொகை. அதை முன்பணமாகத் தருவது, கணக்கைப் பிறகு வாங்குவது. ஃபெல்லோஷிப் மாதத்தின் முதல் வாரத்தில் வருவது. வராவிட்டால் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரிவது. இந்த மூன்றும் நடந்தால் எத்தனை தலைப்புகள் மாறாமல் இருக்கும் என்று பார்க்கலாம்.

கிளம்பும்போது அந்த மாணவியிடம் நடுகல் புத்தகத்தை மட்டும் திரும்பக் கொடுத்தேன்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்மா."

"இனிமே எதுக்கு சார்?" என்றார். ஆனால் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.